சிறுவர், இளைஞர் அமைப்புகளில் குழந்தைப் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைக் கூட்டி எதையாவது நடத்துகிற எல்லோருக்கும் இந்தப் பக்கம் உரியது. விளையாட்டுக் கழகம், சாரணர் படை, இசை வகுப்பு, நாடகக் குழு, விடுமுறை முகாம், வழிபாட்டுத் தலத்தின் சிறுவர் வகுப்பு என எதுவாகவும் இருக்கலாம். பிள்ளைகளை அங்கே அனுப்பும் பெற்றோரும் படிக்கலாம். சொல்லப்போனால் அவர்கள்தான் முதலில் படிக்க வேண்டும்.

எங்களிடம் எல்லோரும் பல ஆண்டுகளாகப் பழகியவர்கள். எழுத்தில் விதிகள் எதற்கு?

பெரிய அத்துமீறல்கள் வெளிவந்த அமைப்புகளிலும் எல்லோரும் பல ஆண்டுகளாகப் பழகியவர்களாகவே இருந்தார்கள். குழந்தைக்குப் பாலியல் தீங்கு செய்பவர் மிகப் பெரும்பாலும் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர். பல நேரங்களில் வீட்டாரின் மதிப்பையும் பெற்றவர். முன்பின் தெரியாத ஆளிடம் பேசாதே என்ற பழைய எச்சரிக்கை இங்கே பயன்படாது.

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1920களிலிருந்தே, சேர்க்கக் கூடாத பொறுப்பாளர்களின் பெயர்களைத் தனிக் கோப்புகளாகத் தலைமையகத்தில் வைத்திருந்தது. அவற்றில் 1,200க்கும் மேற்பட்ட கோப்புகள் 2012இல் ஆரிகன் மாநில நீதிமன்ற உத்தரவால் வெளியே வந்தன. படித்தவர்களை அதிர வைத்தது, எவ்வளவோ தகவல் உள்ளேயே இருந்தது என்பதுதான். பல நேர்வுகளில் ஆளைச் சத்தமில்லாமல் விலக்கினார்கள். காவல்துறைக்கோ மற்ற பெற்றோருக்கோ சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் அந்த இயக்கம் திவால் மனு தாக்கல் செய்தது. 82,000க்கும் மேற்பட்டோர் தாங்கள் சிறுவயதில் பாதிக்கப்பட்டதாகச் சொல்லி இழப்பீடு கோரினார்கள். இழப்பீட்டு நிதி சுமார் 246 கோடி டாலர்.

எழுத்தில் உள்ள விதி ஒரு கேள்வியை இன்னொன்றாக மாற்றுகிறது. "இவர் நல்லவரா?" என்பதற்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. "இவர் ஏன் அந்தப் பையனோடு பூட்டிய அறையில் தனியாக இருந்தார்?" என்று கேட்க யாருக்கும் தயக்கம் இருக்கக் கூடாது. விதி இருந்தால் ஒரு பதினெட்டு வயதுத் தன்னார்வலர்கூட அதைத் தலைமைப் பயிற்சியாளரிடம் கேட்கலாம். விதி இல்லாவிட்டால் அதே கேள்வி அவமதிப்பாகிவிடும்.

கொள்கை ஆவணத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

நாற்பது பக்கம் தேவையில்லை. இணையத்தில் கிடைத்த பெரிய அமைப்பின் ஆவணத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கோப்பில் வைப்பது, ஆவணமே இல்லாததைவிட மோசம். ஏதோ செய்துவிட்டோம் என்ற நிம்மதியை அது தந்துவிடும்.

குழந்தைகளோடு பெரியவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பது ஒரு பகுதி. புதியவர்களை எப்படிச் சேர்ப்பது என்பது இன்னொன்று. சந்தேகமோ புகாரோ வந்தால் யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது. பெரும்பாலான ஆவணங்கள் சறுக்குவது இங்கேதான். "உரிய அதிகாரியிடம் தெரிவிக்கப்படும்" என்று எழுதியிருப்பார்கள். யார் அந்த உரிய அதிகாரி? பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அவர்மீதே புகார் என்றால் அடுத்து யார் என்பதும் இருக்க வேண்டும். தலைவரின் மனைவியோ தம்பியோ அந்தப் பொறுப்பில் இருந்தால் தலைவரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கென்று ஒரே பக்கத்தில், அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு பதிப்பும் வேண்டும். அதைச் சுவரில் ஒட்டுங்கள்.

"இரண்டு பெரியவர்" விதி என்றால் என்ன?

எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பொறுப்பான பெரியவர்கள் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் மற்றவர் கண்ணுக்கு மறைவாகத் தனித்திருக்கக் கூடாது. இந்த ஒரே விதியை ஒழுங்காகப் பின்பற்றினால் பெருமளவு வாய்ப்புகள் அடைபடும்.

இரண்டாமவர் வரவில்லை என்றால்? நிகழ்ச்சி நடக்காது. இதில்தான் விதி உண்மையா, அலங்காரமா என்பது தெரியும். மழை, போக்குவரத்து நெரிசல், "இன்று ஒரு நாள்தானே" என்று காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். அந்த இருவரும் கணவன் மனைவியாகவோ நெருங்கிய உறவினராகவோ இல்லாதிருப்பது நல்லது.

ஒரு பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டிய நேரங்கள் உண்டு. அழுகிற சிறுமியைப் பத்துப் பேர் முன்னால் நிறுத்தி விசாரிக்க முடியாது. அதற்கான வழி எளியது: காதுக்கு எட்டாத தூரம், கண்ணுக்கு எட்டும் இடம். மைதானத்தின் ஓரம், கதவு திறந்த அறை, கண்ணாடிச் சுவர் உள்ள அலுவலகம்.

எண்ணிக்கைக்கு ஓர் அளவு வேண்டுமென்றால், பிரிட்டனின் குழந்தைகள் நல அமைப்பான என்எஸ்பிசிசி பரிந்துரைப்பது இது: 4 முதல் 8 வயது வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 வரை எட்டுப் பேருக்கு ஒருவர், 13 முதல் 18 வரை பத்துப் பேருக்கு ஒருவர். பிள்ளைகள் எத்தனை குறைவாக இருந்தாலும் பெரியவர்கள் இருவருக்குக் குறையக் கூடாது.

அந்த விதி இருந்தால் போதுமா?

போதாது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் சில சிறுமிகளிடம் அவர்களின் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே அத்துமீறினார். உடலைத் திருப்பி நின்று பார்வையை மறைத்துக்கொண்டார். செய்வது சிகிச்சை என்றார். 2018 ஜனவரியில் நடந்த தண்டனை விசாரணையில் 150க்கும் மேற்பட்டோர் அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் பேசினார்கள். முதல் புகார்கள் 1990களிலேயே பெரியவர்களின் காதுக்குப் போயிருந்தன. அவர் பெயர் பெற்ற மருத்துவர், நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருப்பீர்கள் என்று சிறுமிகளுக்குச் சொல்லப்பட்டது.

கண்கள் இருந்தும் பயனில்லாமல் போனதற்குக் காரணம், எது சிகிச்சை, எது எல்லை மீறல் என்று கேட்கும் துணிவு அங்கே யாருக்கும் கொடுக்கப்படாததுதான். ஆகவே உடற்பயிற்சி, முதலுதவி, பிசியோதெரபி போன்றவற்றில் என்ன செய்யப் போகிறோம், ஏன் என்று தொடுவதற்கு முன்பே சொல்வதும், பிள்ளை வேண்டாமென்றால் நிறுத்துவதும் விதியில் இருக்க வேண்டும்.

பயிற்சியின்போது தொடாமல் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

தொடவே கூடாது என்று எந்த நல்ல கொள்கையும் சொல்வதில்லை. நீச்சல், சிலம்பம், நடனம் எல்லாவற்றிலும் கை வைத்துத் திருத்த வேண்டி வரும். தேவை பிள்ளையினுடையதாக இருக்க வேண்டும், எல்லோர் கண்முன்னும் நடக்க வேண்டும், முதலில் கேட்க வேண்டும். கீழே விழுந்து அழுகிற ஆறு வயதுக் குழந்தையைத் தூக்கக்கூட அஞ்சுகிற இடம் பாதுகாப்பான இடமில்லை. குழந்தைகள் அங்கே எதையும் வந்து சொல்லவும் மாட்டார்கள்.

காவல்துறைச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். இன்னும் என்ன?

சான்றிதழ் வாங்குங்கள். ஆனால் அது சொல்வது, இந்த ஆள் இதுவரை சிக்கவில்லை என்பதை மட்டும்தான். 2002இல் இங்கிலாந்தின் சோஹம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகளைக் கொன்றவர் அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் காப்பாளர். முன்பு வாழ்ந்த பகுதியில் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டுகள் பல எழுந்திருந்தன. தண்டனை எதுவும் இல்லை. வேலைக்கு எடுக்கும் முன் நடந்த சோதனையில் அவை தெரியவரவில்லை. பிறகு அமைந்த பிச்சார்ட் விசாரணைக் குழு 2004இல் தந்த அறிக்கைதான் அந்நாட்டின் இன்றைய சரிபார்ப்பு முறைக்கு வித்திட்டது.

முன்பு பணியாற்றிய இடத்துக்கு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். நற்சான்றுக் கடிதத்தில் எல்லோரும் உத்தமர்கள்தான். "இவரை மீண்டும் உங்கள் பிள்ளைகளோடு வேலை செய்ய விடுவீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள், பதிலைவிட, பதிலுக்கு முன்னால் விழும் இடைவெளியைக் கவனியுங்கள். நேர்காணலில் உங்கள் பாதுகாப்பு விதிகளை விரிவாகச் சொல்லிவிடுவதிலும் ஒரு பயன் உண்டு. தனிமையைத் தேடி வருபவர் வேறு இடம் பார்க்கப் போய்விடலாம். அடுத்த அமைப்பும் இதையே செய்தால் அவருக்கு இடமிருக்காது.

தவறான எண்ணத்தோடு நெருங்குபவரை எப்படி அடையாளம் காண்பது?

முகத்தைப் பார்த்துக் காண முடியாது. நடத்தையில் ஒரு வரிசை தெரியும். ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார்; பெரும்பாலும் வீட்டில் கவனிப்புக் குறைந்த, நண்பர்கள் இல்லாத, புகழுக்கு ஏங்குகிற பிள்ளை. தனி அக்கறை காட்டுவார், பரிசு தருவார், "உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்கிறேன்" என்பார். பிறகு சின்னச் சின்ன எல்லைகளைத் தாண்டிப் பார்ப்பார்: இரட்டை அர்த்த நகைச்சுவை, விளையாட்டாக ஒரு தொடுதல், விதியை மீறி ஒரு சவாரி. யாரும் கேட்கவில்லை என்றால் அடுத்த படி. கடைசியில் பிள்ளையிடம் ஒரு ரகசியம் இருக்கும். அது வெளியே வந்தால் பழி தன்மேல்தான் விழும் என்று பிள்ளையே நம்பும்.

இதே வேலை பெரியவர்களிடமும் நடக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. யாரும் ஏற்காத வேலையை அவர் ஏற்பார், பெற்றோருக்குக் கைமாற்றுக் கொடுப்பார், முகாமுக்கு முதல் ஆளாக வருவார். அப்படிப்பட்டவர் இல்லாமல் அமைப்பே ஓடாது என்ற நிலை வந்த பிறகு அவர்மேல் வரும் புகாரை யார் நம்புவார்கள்? கடின உழைப்பாளிகளை எல்லாம் சந்தேகியுங்கள் என்று சொல்லவில்லை. உழைப்பு எவ்வளவு இருந்தாலும் விதியிலிருந்து விலக்குக் கிடையாது என்பதே நடைமுறையாக இருக்கட்டும். யாரோ ஒருவருக்கு மட்டும் விதி வளைகிறது என்று தெரிந்தால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பலாமா?

குழுவில் அனுப்பலாம், அந்தக் குழுவில் இரண்டு பொறுப்பாளர்கள் இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல்ல வேண்டியிருந்தால் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விளையாட்டுத் துறைக்கென 2017இல் செயல்படத் தொடங்கிய சேஃப்ஸ்போர்ட் மையத்தின் விதிகளும் இதையே கேட்கின்றன. படித்ததும் மறைகிற செய்திகள், இரவு பதினொரு மணி உரையாடல், சொந்தக் கணக்கிலிருந்து இன்ஸ்டாகிராம் நட்பு அழைப்பு ஆகியவை கூடாது. பிள்ளையே முதலில் எழுதினால்? பதிலைக் குழுவிலோ பெற்றோரைச் சேர்த்தோ சொல்லுங்கள். எழுதியது ஆபத்தான விஷயம் என்றால் மட்டும் உடனே பதில் சொல்லிவிட்டு, அந்த நிமிடமே புகாரைப் பெறுபவராக விதியில் பெயர் குறிக்கப்பட்டவருக்குத் தெரிவியுங்கள்.

படங்களுக்குப் பெற்றோர், பிள்ளை இருவரின் சம்மதமும் வேண்டும். முகம், முழுப் பெயர், பயிற்சி நடக்கும் இடமும் நேரமும் ஆகிய மூன்றையும் ஒரே பதிவில் போடாதீர்கள்.

இரவு தங்கும் முகாம்களில் என்ன கவனிக்க வேண்டும்?

பெரியவர்கள் பிள்ளைகளைவிட்டுத் தனியாகத் தூங்க வேண்டும், தனியாகக் குளிக்க வேண்டும். தன் சொந்தப் பிள்ளையைத் தவிர வேறு பிள்ளையோடு எந்தப் பெரியவரும் ஒரே கூடாரத்தில் படுக்கக் கூடாது. குளியலறைப் பக்கம் கைபேசிக்கு இடமில்லை.

பலரும் மறப்பது, பிள்ளைகள் பிள்ளைகளுக்கே செய்யும் தீங்கை. குழந்தைகள்மீதான பாலியல் அத்துமீறல்களில் கணிசமான பங்கு மற்ற சிறுவர்களாலும் பதின்வயதினராலும் நடப்பது. பெரியவர்களைக் கண்காணிக்க அழகாக விதி எழுதிவிட்டு, பத்து வயதுப் பையனையும் பதினாறு வயதுப் பையனையும் ஒரே கூடாரத்தில் படுக்க வைப்பார்கள். வயது இடைவெளி அதிகமுள்ளவர்களைச் சேர்த்துப் படுக்க வைக்காதீர்கள். புதியவர்களை "வரவேற்கும்" சடங்கு என்ற பெயரில் அவமானப்படுத்துவது, ஆடை களைவது போன்றவை மரபாக இருந்தால் அந்த மரபு இந்த ஆண்டோடு முடியட்டும். பதினாறு, பதினேழு வயதில் உதவித் தலைவர்களாக இருப்பவர்கள் தனிச் சிக்கல்: அதிகாரம் உண்டு, வயதில் அவர்களும் குழந்தைகளே. அவர்களை "இரண்டு பெரியவர்" கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு பிள்ளை வந்து தனக்கு நடந்ததைச் சொல்கிறது. என்ன செய்வது?

கேளுங்கள். முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள். உங்கள் அதிர்ச்சியைத் தன் தவறாக எண்ணி அந்தப் பிள்ளை பாதியில் நிறுத்திவிடும். "நீ சொன்னது நல்லது. இதில் உன் தவறு எதுவும் இல்லை." இவ்வளவு போதும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை அதைத்தான் முதலில் கேட்கும். "உன்னைப் பாதுகாக்க உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒரு பெரியவர் ஏமாற்றியிருக்கிறார். நீங்கள் இரண்டாமவராக வேண்டாம்.

துருவிக் கேட்காதீர்கள். "அவர் இங்கே தொட்டாரா?" என்பது போன்ற கேள்வி பிள்ளையின் வாயில் உங்கள் சொல்லைப் போடுகிறது, பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்வது அதைத்தான். "பிறகு என்ன நடந்தது?" என்பதற்கு மேல் தேவையில்லை. செயலாளர், தலைவர், பெற்றோர் என்று ஒவ்வொருவர் முன்னும் பிள்ளையை நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது கொடுமை. முறையாகக் கேட்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

அன்றே எழுதி வையுங்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். கொச்சையாக இருந்தாலும் திருத்த வேண்டாம். தேதி, நேரம், இடம், கூட இருந்தவர்கள், கீழே உங்கள் கையெழுத்து. உங்கள் ஊகத்தை அதில் கலக்காதீர்கள். அத்துமீறல் அண்மையில் நடந்திருந்தால் மருத்துவ உதவி அவசரம்: எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். தடயங்களும் நேரம் போகப் போக அழியும்.

குற்றம் சாட்டப்பட்டவரிடம் போய் "இப்படி ஒரு புகார் வந்திருக்கிறது" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். ஆதாரத்தை அழிக்கவும் பிள்ளையை மிரட்டவும் அவருக்கு நேரம் கொடுத்ததாகிவிடும்.

முதலில் நாங்களே விசாரித்து, உண்மை என்று தெரிந்தால் காவல்துறைக்குப் போகலாமே?

கூடாது. உள்விசாரணை நடத்துபவர்கள் அந்த ஆளின் நண்பர்கள், அமைப்பின் பெயரைக் காக்க நினைப்பவர்கள், விசாரணைப் பயிற்சி இல்லாதவர்கள். மூன்றில் ஒன்று இருந்தாலே போதும், காரியம் கெட.

நாசர் விவகாரத்தில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு 2015 ஜூனில் புகாரை அறிந்தது. தனியார் விசாரணையாளர் ஒருவரை வைத்துத் தானே விசாரித்துவிட்டு அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிடம் போக ஐந்து வாரங்களுக்கு மேலானது. எஃப்பிஐயும் தாமதித்தது, அதன் தவறுகளை அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2021இல் அறிக்கையாகவே வெளியிட்டார். அந்த இடைவெளியில் நாசர் தொடர்ந்து சிறுமிகளுக்குச் "சிகிச்சை" அளித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வேலை, நியாயமான சந்தேகத்தைத் தெரிவிப்பது. நிரூபிப்பது உங்கள் வேலையில்லை. பல நாடுகளில் தெரிவிப்பது சட்டக் கடமையும்கூட. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் இந்தியாவின் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 21ஆம் பிரிவு, தெரிவிக்காமல் இருப்பதையே தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. வேறு சில நாடுகளில் இந்தக் கடமை ஆசிரியர், மருத்துவர் போன்ற குறிப்பிட்ட பணியினருக்கு மட்டும் உண்டு. உங்கள் நாட்டின் சட்டத்தைத் தெரிந்துகொண்டு, சட்டம் கேட்காவிட்டாலும் தெரிவிப்போம் என்று விதியில் எழுதுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண்கள்: இந்தியாவில் 1098, இலங்கையில் 1929, மலேசியாவில் 15999, பிரிட்டனில் 0800 1111.

பொய்ப் புகாரால் ஒரு நல்லவரின் வாழ்க்கை கெட்டுவிடாதா?

வேண்டுமென்றே புனையப்படும் புகார்கள் அரிது. சொல்லாமலே புதைந்துபோகும் உண்மைகளோடு ஒப்பிட்டால் மிக அரிது. ஆனாலும் அச்சம் நியாயமானதே. அதற்கான பதிலும் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளையோடு ஒருபோதும் தனித்திருக்காத பயிற்சியாளருக்குச் சாட்சிகள் இருப்பார்கள்.

புகார் வந்ததும் அவரைக் குழந்தைகளோடு சேர்ந்த பணியிலிருந்து விலக்கி வையுங்கள். தீர்ப்பாக அல்ல, முன்னெச்சரிக்கையாக என்று அவரிடமும் மற்றவர்களிடமும் அதே சொற்களில் சொல்லுங்கள். பெயரைப் பரப்பாதீர்கள். புகார் சொன்னவர் பிள்ளையாக இருந்தாலும் தன்னார்வலராக இருந்தாலும் அணியிலிருந்து ஒதுக்கப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழிவாங்கல் பெரும்பாலும் பேச்சு நின்றுபோவதில்தான் தொடங்கும்.

ராஜினாமா செய்தால் விஷயத்தை இத்தோடு விட்டுவிடுகிறோம் என்று பேரம் பேசுவதுதான் ஆகக் கெட்ட முடிவு. அவர் உங்கள் நற்சான்றுக் கடிதத்தோடு அடுத்த ஊருக்குப் போவார்.

பெற்றோர் சேர்க்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

விதிகளைக் காட்டச் சொல்லுங்கள். புகாரை யாரிடம் சொல்ல வேண்டும் என்று வாசலில் நிற்கும் இளைய தன்னார்வலரைக் கேளுங்கள். தலைவருக்குத் தெரிந்திருப்பது பெரிதில்லை. பயிற்சியைப் பெற்றோர் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். "பெற்றோர் இருந்தால் பிள்ளைகளின் கவனம் சிதறும்" என்ற பதில் ஓரளவு உண்மை. ஆனால் சன்னல் வழியாகக்கூடப் பார்க்க முடியாது என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

வீட்டில் பிள்ளையிடம் உடலுறுப்புகளுக்குச் சரியான பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். பெரியவர் யாரும் ரகசியம் காக்கச் சொன்னால் அதை வீட்டில் சொல்லலாம் என்று பழக்குங்கள்.

நாங்கள் ஐந்தாறு பேர் நடத்தும் சிறிய குழு. எங்கே தொடங்குவது?

இரண்டு பெரியவர் விதி, புகாருக்கு இருவரின் பெயரும் எண்ணும், செய்தி அனுப்பும் விதி. மூன்றையும் ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டு இந்த வாரமே தொடங்கிவிடலாம். ஆட்சேர்ப்பு, பயிற்சி போன்றவற்றை வரும் மாதங்களில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட மிக நீண்ட காலம். அமைப்புகளில் நடந்த குழந்தைப் பாலியல் அத்துமீறல்களை ஆஸ்திரேலிய அரச ஆணையம் 2013 முதல் 2017 வரை ஆராய்ந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனிடம் தனியறையில் பேசினார்கள். நடந்ததை முதன்முதலில் ஒருவரிடம் சொல்ல அவர்களுக்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்து வயதில் பாதிக்கப்பட்டவர் முப்பத்து நான்கு வயதில் வருகிறார். அப்போது வருகைப் பதிவேடும் முகாம் பட்டியலும் இல்லை என்றால் அவர் பக்கம் சாட்சி சொல்ல எதுவும் இருக்காது.

இத்தகைய பதிவுகளைக் குறைந்தது 45 ஆண்டுகள் வைத்திருக்க அந்த ஆணையம் பரிந்துரைத்தது. புகார்க் குறிப்புகளோடு யார் எந்த ஆண்டில் எந்தக் குழுவுக்குப் பொறுப்பு, எந்த முகாமில் யார் இருந்தார்கள் என்பவற்றையும் காத்து வையுங்கள். பூட்டிய அலமாரி, சாவி இருவரிடம், கணினியில் இருந்தால் கடவுச்சொல்லோடு ஒரு நகல். பழைய செயலாளர் வீட்டுப் பரணில் இருக்கிறது என்பது பாதுகாப்பில் சேராது. அமைப்பைக் கலைக்க நேர்ந்தால் பதிவுகளைத் தாய் அமைப்பிடமோ வழக்கறிஞரிடமோ ஒப்படைத்து, யாரிடம் இருக்கிறது என்பதைக் கடைசிக் கூட்டத்தின் குறிப்பில் எழுதிவிடுங்கள்.